லேபிளும் எழுத்தும்

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைக் கடைகளில் சற்று நின்றால் ஒரு வேடிக்கை தெரியும். அயல்நாட்டு யாத்ரிகர் பிஸ்கோத்துப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். கிரிவலம் வந்த கிராமத்து அம்மாள் படிப்பதில்லை, பார்க்கிறாள்.

இதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. லேபிளைப் படமாகப் பார்த்தே பழகியவர்கள் நாம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பெட்டியில் ஒட்டும் லேபிளின் தேவையால் சிவகாசியில் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லித் தீப்பெட்டி கேட்டார்கள். ஆனால் படம் வியாபாரியின் அடையாளமேயன்றி, உள்ளே இருக்கும் சரக்குக்கு ஜவாப்தாரி அல்ல.

அந்த ஜவாபைக் கேட்கச் சட்டம் வந்தது. 1937-ல் அக்மார்க் முத்திரைக்கான சட்டம். 1954-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். 2001-ல் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளி ஒன்றைத்தான் அம்மாளும் யாத்ரிகரும் ஒருங்கே படிக்கிறார்கள்.

மற்றவை? விவரங்கள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. வேறு மொழியையும் சேர்க்கலாம்; கட்டாயமில்லை. ஆகவே, அண்ணாமலையார் ஊரிலேயே, பொட்டலத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது கடல் கடந்து வந்தவருக்குத் தெரிகிறது; பக்கத்துக் கிராமத்துக்காரிக்குத் தெரிவதில்லை. அவள் நீரிழிவுக்காரியாக இருந்தால்?

ஜனங்கள் லேபிளைப் படிப்பதில்லை என்று குறைகூறுமுன், அவர்கள் படிக்கும்படி எழுதினோமா என்று கேட்டுக்கொள்வதல்லவா நியாயம்?