உருளைக்கிழங்கு வயலில் பிறந்த கணக்கு

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பென்டன் என்ற ஊரில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கு 1842-இல் காப்புரிமை பெற்ற ஜான் பென்னட் லாஸ், அடுத்த ஆண்டே வேதியியலாளர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டைத் துணைக்கு அழைத்து அங்கே ஆய்வைத் தொடங்கினார். பிராட்பாக் வயலில் ஒரு துண்டுக்குத் தொழு உரம், இன்னொன்றுக்கு ரசாயன உரம், வேறொன்றுக்கு எந்த உரமும் இல்லை. எல்லாவற்றிலும் கோதுமைதான். ஆண்டுதோறும் விளைச்சலை அளந்து ஏட்டில் எழுதினார்கள். முதல் உலகப் போர் முடிந்தபோது அந்த ஏடுகளில் எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு குவிந்திருந்தது.

அவற்றிலிருந்து இன்னும் என்ன தெரிந்துகொள்ளலாம் என்று பார்க்க, பண்ணையின் இயக்குநர் ஜான் ரஸ்ஸல் 1919-இல் ஒரு கணித வல்லுநரை வேலைக்கு அமர்த்தினார். ரொனால்டு ஃபிஷருக்கு அப்போது 29 வயது. லண்டனில் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனின் ஆய்வகத்திலும் அவருக்கு வேலை காத்திருந்தது. அவர் பண்ணைக்கு வந்தார்.

ஏடுகளில் இருந்த சிக்கல் உழவர் எவருக்கும் தெரிந்ததுதான். ஒரே விதை, ஒரே உரம், பக்கத்துப் பக்கத்துப் பாத்தி. ஆனாலும் விளைச்சல் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பக்கம் மண் கனம், மறுபக்கம் நீர் தேங்கும். அப்படியிருக்க, ஒரு உரத்துக்கு ஒரே ஒரு துண்டு நிலம் ஒதுக்கிவிட்டு, கூடுதலாகக் கிடைத்த கோதுமை உரத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

விடைக்கான கருவி ஃபிஷரிடம் முன்பே இருந்தது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள ஒற்றுமை பற்றி 1918-இல் வெளியிட்ட கட்டுரையில், சராசரியிலிருந்து ஒவ்வொரு அளவும் எவ்வளவு விலகுகிறது என்பதை வர்க்கப்படுத்திச் சராசரி காணும் அளவைக்கு ‘வேரியன்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். ஒன்றையொன்று சாராத காரணங்கள் உண்டாக்கும் மாறுபாடுகளை இந்த அளவையில் கூட்டலாம். கூட்ட முடிந்தால் பிரிக்கவும் முடியும். 1921-இல் பிராட்பாக் விளைச்சலை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்காண்டு மாறும் வானிலையின் பங்கு, மண் வளம் குன்றியதன் பங்கு, வேறு மெதுவான மாற்றங்களின் பங்கு என்று பிரித்துப் பார்த்தார்.

1923-இல் வினிஃப்ரெட் மெக்கன்ஸியோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் உருளைக்கிழங்கு வந்தது. 12 ரகங்கள், தொழு உரம் இட்ட நிலம், இடாத நிலம், அவற்றுக்குள் பொட்டாஷ் உரத்தில் வேறுபாடுகள். ரகத்துக்கு ரகம் விளைச்சல் மாறியது, உரத்துக்கு உரமும் மாறியது. ஆனால் ஒரு ரகம் உரத்தை மற்றொன்றைவிட வேறுவிதமாக ஏற்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இந்த முடிவைத் தந்த மாறுபாட்டுப் பகுப்பாய்வுதான் இன்று ‘அனோவா’ என்று உலகமெங்கும் வழங்குகிறது.

இரண்டிரண்டாக ஒப்பிட்டிருந்தால் ஆகாதா? 12 ரகங்களில் 66 இணைகள் உண்டு. இருபதில் ஒரு முறை தற்செயலாகத் தவறலாம் என்று வைத்துக்கொண்டால், ரகங்களுக்குள் உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் ஏறக்குறைய மூன்று இணைகள் வேறுபட்டவையாகத் தோன்றும். எல்லாக் குழுக்களையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவந்ததுதான் ஃபிஷர் செய்த பெரிய காரியம்.

ஒரே ஒரு காரணியை மட்டும் பார்க்கும் ஒருவழிப் பகுப்பாய்வை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். மூன்று உரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாத்திகள். முதல் உரத்தில் விளைச்சல் 20, 22, 24, 22 கிலோ. இரண்டாவதில் 25, 27, 26, 26. மூன்றாவதில் 23, 25, 24, 24. சராசரிகள் முறையே 22, 26, 24. மொத்தச் சராசரி 24. உரங்களின் சராசரிகள் மொத்தச் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கப்படுத்தி, பாத்திக்கு ஒரு முறை கூட்டினால் 32. குழுக்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, 2-ஆல் வகுத்தால் 16. ஒரே உரம் பெற்ற பாத்திகள் தங்களுக்குள் விலகும் வர்க்கங்களின் கூட்டல் 12. பாத்திகள் 12-இல் குழுக்கள் 3-ஐக் கழித்து, 9-ஆல் வகுத்தால் 1.33. இரண்டுக்கும் உள்ள விகிதம் 12. உரங்களுக்குள் வேறுபாடே இல்லாவிட்டால் இந்த விகிதம் 4.26-ஐத் தாண்டுவது நூற்றில் ஐந்து முறைதான். மண்ணின் இயல்பான ஏற்றத்தாழ்வே இங்கே அளவுகோல்; உரத்தின் வேறுபாடு அதைவிடப் பல மடங்கு பெரிதாக நிற்கிறது.

இந்த விகிதத்தின் மடக்கையில் பாதியை ஃபிஷர் ‘இசட்’ என்று அட்டவணைப்படுத்தினார். 1934-இல் அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்னெடெகார் விகிதத்தையே நேராக அட்டவணைப்படுத்தி, ஃபிஷரின் பெயரின் முதலெழுத்தால் ‘எஃப்’ என்று அழைத்தார்.

கணக்கு வயலையும் மாற்றியது. ஒரே உரம் பல பாத்திகளில் இடப்படாவிட்டால், அந்தப் பாத்திகளுக்குள் உள்ள மாறுபாட்டை அளக்கவே வழியில்லை. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யாவிட்டால் அந்த அளவு நம்பத்தக்கதாக இராது. 1925-இல் வந்த புத்தகத்திலும் 1926-இல் எழுதிய கட்டுரையிலும் ஃபிஷர் இதை அழுத்தமாகச் சொன்னார். கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய, ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் காஸெட் அவருக்கு நெருங்கிய நண்பர். ஆனால் ஒழுங்காகத் திட்டமிட்டுப் பிரித்த பாத்திகளே துல்லியமானவை என்று 1937-இல் இறக்கும்வரை வாதிட்டார். வயல் ஆய்வுகளில் குலுக்கலே நிலைத்தது.

எஃப் விகிதம் ஒன்றை மட்டும் சொல்லாது: குழுக்களில் எது எதிலிருந்து வேறுபடுகிறது? சராசரிகள் எல்லாம் சமமல்ல என்று தெரிந்த பிறகு இந்தக் கேள்வி எழுந்தே தீரும். 66 இணைகளின் பழைய சிக்கலும் அப்போது திரும்பி வரும். இதற்கு ஃபிஷர் 1935-இல் ஒரு வழி சொன்னார். 1949-இல் புள்ளியியலாளர் ஜான் டூக்கி, தனித்தனிச் சராசரிகளை ஒப்பிடுவதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். எஃப் சோதனைக்குப் பின் அவர் பெயரிலான சோதனையைச் செய்வது இன்று ஆய்வாளர்களின் வழக்கம்.