கெளுத்தி, ஜிலேபி, விரால்: ஏரியிலும் குட்டையிலும் தூண்டில் போடும் முறைகளும் இரைகளும்

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகள் நிறைந்திருக்கும் மாதங்களில், வடசென்னை விம்கோ நகர் ரயில் நிலையத்தில் கையில் தூண்டில் கோலும் வாளியுமாக நிற்பவர்களைப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறி மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் இறங்கினால் ஏரி, குளம், வாய்க்கால் என்று நன்னீர் கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர் முகத்துவாரமும் இருக்க, இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும்? அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம். முதலில், கிராமத்து விவசாயிகள் தங்கள் ஊர் நீர்நிலையிலோ பண்ணைக் குட்டையிலோ தூண்டில் போடுவதற்குத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

என்னென்ன மீன்கள்?

இணையத்தில் தூண்டில் பற்றித் தேடினால் 'கிராப்பி' என்ற மீனைப் பிடிக்கும் காணொளிகள் நிறைய வரும். அது வட அமெரிக்க ஏரி மீன். நம் ஏரிகளில் தூண்டிலுக்கு அதிகம் சிக்குபவை ஜிலேபி கெண்டை, கெளுத்தி, விரால், பனையேறிக் கெண்டை போன்றவை. ஜிலேபி கெண்டையும் நம் மண்ணின் மீன் அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று எல்லாக் குளங்களிலும் பரவிவிட்டது. எனவே இதை எவ்வளவு பிடித்தாலும் குளத்துக்கு நஷ்டமில்லை.

தூண்டில் அமைப்பு

பெரிய செலவு தேவையில்லை. 8 முதல் 10 அடி நீள மூங்கில் கழி, நைலான் நரம்பு, முள், தக்கை, சிறு ஈயக்குண்டு ஆகியவை போதும். முள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எண் கூடக் கூட முள் சிறிதாகும்.

- ஜிலேபி: 8 அல்லது 10-ஆம் எண் முள், 0.25 மி.மீ. நரம்பு.
- கெளுத்தி: 4 அல்லது 6-ஆம் எண் முள், 0.35 மி.மீ. நரம்பு.
- விரால்: 1/0 அல்லது 2/0 முள், 0.50 மி.மீ. நரம்பு. விரால் கொடிக்குள் பாய்ந்து அறுத்துவிடும் என்பதால் மெல்லிய நரம்பு உதவாது.

ஜிலேபி கெண்டைக்கு

கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணீரில், அடிமண்ணில் தட்டுப் போன்ற பள்ளங்கள் தெரிந்தால் அங்கே ஜிலேபி கூடு வைத்திருக்கிறது என்று பொருள். காலை வெயில் ஏறும் நேரத்தில் அந்த இடத்தில் போடலாம்.

இரை: கோதுமை மாவு இரண்டு பங்கு, வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு. சிறிது தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். துளி பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துப் பிசைந்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. பட்டாணி அளவுக்கு உருட்டி, முள்ளின் முனை மறையும்படி வையுங்கள். சிறு மண்புழுத் துண்டும் நன்றாக எடுக்கும்.

ஜிலேபியின் வாய் சிறியது. தக்கை ஒரேயடியாக முங்காமல் பக்கவாட்டில் நகரும். அப்போது வெடுக்கென்று இழுக்காமல் மணிக்கட்டை மட்டும் மெல்லத் தூக்குங்கள். கிராப்பி பிடிப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். அதன் உதடு மிக மெல்லியது, வேகமாக இழுத்தால் கிழிந்து மீன் தப்பிவிடும்.

கெளுத்திக்கு

கெளுத்தி அடிமட்டத்தில் மேயும் மீன். கண்ணைவிட மீசையை நம்பி, வாசனை பிடித்து இரை தேடும். பொழுது சாய்ந்த பிறகும், மழையால் புதுத் தண்ணீர் கலங்கி வரும்போதும் அதிகம் எடுக்கும். மதகுக்கு அருகில், வாய்க்கால் ஏரியில் சேரும் இடம், கரையோர மரவேர் ஆகியவை நல்ல இடங்கள்.

தக்கை வேண்டாம். ஈயக்குண்டைக் கட்டி, இரை தரையில் கிடக்கும்படி விடுங்கள். நரம்பை விரலில் தொட்டுக்கொண்டிருந்தால் கடிப்பது தெரியும்.

இரைகளில் முதலிடம் மண்புழுவுக்குத்தான். மாட்டுத்தொழுவத்துச் சாணக் குப்பையின் ஓரத்தைக் கிளறினால் வேண்டிய அளவு கிடைக்கும். ஈர மண்ணோடு கொட்டாங்குச்சியில் போட்டு நிழலில் வைத்திருங்கள். முழுப் புழுவை முள்ளில் கோத்து, வால் சற்றே தொங்கவிடுங்கள். கோழிக்குடல், இறால் துண்டு ஆகியவற்றுக்கும் வாசனைக்காகவே கெளுத்தி வரும்.

விராலுக்கு

விரால் அடிக்கடி மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். அல்லி, தாமரை, ஆகாயத்தாமரைக்கு இடையே தண்ணீர் குமிழிட்டு அசைவதைக் கவனித்து அங்கே போடுங்கள். உயிருள்ள சிறு மீனை முதுகுப் பக்கம் கோத்து விடலாம். பலர் தவளையைப் போடுகிறார்கள். வயலில் பூச்சி தின்று நமக்கு உதவும் தவளையை இதற்காகக் கொல்ல வேண்டாம். கடையில் கிடைக்கும் ரப்பர் தவளையை நீர்மட்டத்தில் விட்டுவிட்டு இழுத்தாலே விரால் பாயும்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மொய்த்தால், கீழே தாயும் தந்தையும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு விராலுக்காக அடுத்த ஆண்டு விரால்களை இழக்காதீர்கள்.

முள் குத்தினால்

கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் முள் உண்டு. தேளி மீன் குத்தினால் தேள் கொட்டியதுபோலக் கடுக்கும். மீனைப் பழந்துணியால் பிடித்து, குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கும் அளவு சூடான நீரில் அரை மணி நேரமாவது வைத்திருங்கள், வலி குறையும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் கூடினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால்

பெரிய தட்டைத் தலை, எட்டு மீசை, தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை நீளும் முதுகுத்துடுப்பு. இப்படி ஒரு கிலோவுக்கு மேல் கனமான மீன் சிக்கினால் அது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்திதான். நாட்டு மீன்களையும் குஞ்சுகளையும் விழுங்கித் தீர்ப்பதால் மத்திய அரசு இதன் வளர்ப்புக்கு 2000-ஆம் ஆண்டில் தடை விதித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2019-இல் இதை உறுதி செய்தது. 'சீக்கிரம் வளரும்' என்று யாராவது குஞ்சு விற்க வந்தால் வாங்காதீர்கள். குட்டையில் விட்டால் அடுத்த வெள்ளத்தில் அது ஏரிக்குப் போய்விடும். தூண்டிலில் சிக்கியதைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டாம். மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

எங்கே பிடிக்கக் கூடாது?

இப்போது விம்கோ நகர்க்காரர்கள் ரயில் ஏறும் காரணத்துக்கு வருவோம். மணலி, எண்ணூர் தொழிற்சாலைப் பகுதியின் கழிவு பல ஆண்டுகளாகப் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் சேர்ந்துவருகிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆற்றில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய்க் கழிவு முகத்துவாரம் முழுவதும் பரவி, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. அடிச்சேற்றில் மேயும் கெளுத்தி போன்ற மீன்களின் உடலில் சேற்றிலுள்ள நச்சு சேர வாய்ப்பு அதிகம். கழுவினாலும் சமைத்தாலும் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் போகாது.

இந்தப் பாடம் கிராமத்துக்கும் பொருந்தும். ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் குளத்திலும், மருந்து தெளித்த வயலின் வடிகாலிலும் மீன் பிடித்துச் சாப்பிட வேண்டாம். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் மீனையும், செத்து மிதக்கும் மீனையும் தொடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

- பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். ஊராட்சியிலோ குத்தகைதாரரிடமோ கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்.
- வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம்.
- கலங்கல் வழியும்போது அதன்மேல் நின்று பிடிக்காதீர்கள். இரவில் டார்ச் விளக்கும் செருப்பும் கட்டாயம்.
- மின்கம்பிக்குக் கீழே நீளக் கோலை உயர்த்த வேண்டாம்.
- அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் போடாதீர்கள். புல்லோடு சேர்த்து மாடு விழுங்கினால் பிழைப்பது கடினம்.
- உள்ளங்கை அளவுகூட இல்லாத நாட்டு மீன்களைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த மழைக்குள் அவை வளர்ந்து உங்கள் தூண்டிலுக்கே வரும்.