மோதிய தலைகள் – 4: மேசைமேல் ஒரு மூளை

பென்னட் ஒமாலு திகைத்துப்போனார். கையிலிருந்த மூளையில் ஒரு கோளாறும் தெரியவில்லை. சுருங்கியிருக்கவில்லை, காயமில்லை.

2002 செப்டம்பர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பிணவறை. நைஜீரியாவிலிருந்து வந்த ஒமாலுவுக்கு அமெரிக்கக் கால்பந்தில் நாட்டமே கிடையாது. ஆனால் மேசைமேல் கிடந்தவரை ஊருக்கே தெரியும். ‘அயர்ன் மைக்’ என்ற மைக் வெப்ஸ்டர். ஸ்டீலர்ஸ் அணியோடு நான்கு சூப்பர் பௌல் கோப்பைகளை வென்றவர். 50 வயதில் மாரடைப்பு.

அவர் ஆடிய ‘சென்டர்’ இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குனிந்து, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்த அதே நொடியில் எதிரே நிற்கும் மாமிசமலை மீது பாய வேண்டும். தலைதான் முதலில் இடிபடும். 17 சீசன்கள் இதே வேலை. பெரும்பாலான இடிகளில் மயக்கம் வராது, ஆட்டமும் நிற்காது. கணக்கு யார் வைப்பார்?

ஓய்வுக்குப் பிறகு ஆள் மாறினார். மறதி, கோபம், தூக்கமின்மை. மணவாழ்க்கை முறிந்தது, காசு கரைந்தது. பிக்கப் வண்டியிலும் ரயில் நிலையத்திலும் படுத்துக் கிடந்தார். விழுந்த பற்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டார். 1997இல் சாதனை வீரர்களைக் கௌரவிக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ மேடையில் அவர் பேச்சு எங்கெங்கோ அலைந்தது.

இறப்புக்குக் காரணம் இதயம் என்றாகிவிட்டது. மூளையை ஒமாலு அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. மேலதிகாரி சிரில் வெக்ட்டிடம் அனுமதி வாங்கி, மூளையைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றச் செய்தார். செலவு சொந்தக் காசு.

நுண்ணோக்கியில் தெரிந்தன, டாவ் என்ற புரதத்தின் சிக்கல்கள். அல்சைமர் மாதிரி இருந்தது, அல்சைமரும் அல்ல. அடிவாங்கி அடிவாங்கிக் குத்துச்சண்டை வீரர்கள் நிலைகுலைவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928லேயே எழுதிவைத்திருந்தார். ஆனால் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடிய வீரர் ஒருவரின் மூளைக்குள் யாரும் அதைத் தேடிப் பார்த்ததில்லை.

2005இல் ‘நியூரோசர்ஜரி’ இதழில் கட்டுரை வெளியானது. நோயின் பெயர் க்ரானிக் ட்ராமாட்டிக் என்செஃபலோபதி, சுருக்கமாக சி.டி.இ. லீக் தனக்கு நன்றி சொல்லும் என்று நினைத்தாராம் ஒமாலு. வெகுளி மனிதர்!

வந்தது, கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்லும் கடிதம். எழுதியவர்கள் லீக்கின் சொந்த மூளைக்காயக் குழுவினர். நோயையே ஒமாலு தப்பாகப் புரிந்துகொண்டார் என்பது அவர்கள் வாதம். இதில் வேடிக்கை, குழுத் தலைவர் எலியட் பெல்மன் மூளை மருத்துவரே அல்ல, மூட்டுவாத நிபுணர்!

ஆனால் இன்னொரு காகிதம் இருந்தது. லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து நடத்தும் ஓய்வூதிய வாரியம், வெப்ஸ்டர் உயிரோடிருந்தபோதே, 1999இல், அவர் மூளையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அதை எழுத்தில் சொன்ன கடிதம் வெப்ஸ்டரின் வக்கீலிடம் பத்திரமாக இருந்தது.

அதில் என்ன எழுதியிருந்தது?

(தொடரும்)