கண்பரிசோதனையும் சமூகத் தூரமும்: தென் தமிழகத்துக் கண்வைத்திய நிலையங்களின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

வைத்திய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றைப் பின்பற்றுவர். ஒன்று கண்டுபிடிப்புகளின் வரலாறு. மற்றையது தனிமனிதர்களின் வரலாறு. கண்வைத்தியத்தின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. சத்திரசிகிச்சை முறைகள் எவ்வாறு திருந்தின, எந்த வைத்தியசாலையை யார் தொடங்கினார் என்பனவே அவ்வெழுத்துக்களில் முதன்மை பெறுகின்றன. ஆனால், ஒருவர் இழந்த பார்வையைத் திரும்பப் பெறுவதற்கான முதற்படி, அவருடைய கண்ணை அறிந்த ஒருவர் பரிசோதித்துப் பார்ப்பதேயாகும். பரிசோதிக்கப்படாத கண்ணுக்குச் சிகிச்சை இல்லை. எனவே யாருடைய கண்கள் பரிசோதிக்கப்பட்டன, எங்கே, யாரால், எத்தேவையின் பொருட்டு என்னும் வினாக்களை முன்வைத்து இவ்வரலாற்றை நோக்குவது பயனுடையது. சென்னையில் தொடங்கி மதுரை, தேனிப் பிரதேசங்கள் வரை இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளை இங்கு சுருக்கமாக ஆராய்வோம்.

2

1805இல் லண்டனில் நிறுவப்பட்டுப் பின்னர் மூர்ஃபீல்ட்ஸ் எனப் பெயர்பெற்ற கண்வைத்தியசாலை, எகிப்தியப் போரிலிருந்து மீண்ட படைவீரரிடையே பரவியிருந்த கண்ணோயின் பின்னணியில் எழுந்தது. அதன் மாதிரியைப் பின்பற்றி, 1819இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் சென்னையிலும் ஒரு கண்வைத்தியசாலை தொடங்கப்பட்டது. பின்னாளில் எழும்பூரில் நிலைபெற்ற அது, ஆசியாவின் மிகப் பழைய கண்வைத்தியசாலைகளுள் ஒன்றாகும். படையும் நிருவாகமும் குவிந்திருந்த துறைமுக நகரிலேயே அது தோன்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஏறத்தாழ அதே காலத்திலே தஞ்சையில் வேறொரு முயற்சி நடைபெற்றது. 1798 முதல் 1832 வரை அரசுக்கட்டிலில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் கண்வைத்தியத்தில் நேரடி ஈடுபாடு காட்டினார். நோயாளரின் விவரங்களையும் நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களையும் கொண்ட பதிவேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. ஐரோப்பிய வைத்தியமும் சுதேச வைத்தியமும் அங்கு அருகருகே நின்றன. நயனரோக சிகிச்சை பற்றிய தமிழ்ச் செய்யுள்களும் அவ்வரசவையின் ஆதரவில் தொகுக்கப்பட்டன. எனினும் அரசனின் ஆர்வத்தைச் சார்ந்திருந்த அம்முயற்சி ஒரு பொதுச்சேவையாக வளரவில்லை.

இவ்விரு நிலையங்களுக்கும் அப்பால், கிராமங்களில் வாழ்ந்த பெரும்பான்மையோருக்கு என்ன கிடைத்தது? கண்புரை முற்றியபின் கூரிய கருவியொன்றினால் வில்லையை உட்புறம் தள்ளிவிடும் பழைய முறையே கிடைத்தது. சுசுருத சங்கிதையிற் கூறப்படும் இம்முறையை ஊரூராய்ச் சென்ற நாட்டு வைத்தியர்கள் கையாண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னைக் கண்வைத்தியசாலையின் பொறுப்பில் இருந்த ரொபேட் ஹென்றி எலியட், இம்முறையாற் சிதைந்த கண்களை விரிவாக ஆராய்ந்து தனிநூலே எழுதினார். அவர் காட்டிய தீங்குகள் உண்மையே. ஆயின், மக்கள் ஏன் அவ்வைத்தியரை நாடினர் என்ற வினாவும் எழுகின்றது. நாட்டு வைத்தியர் வீட்டு வாசலுக்கு வந்தார். நவீன கண்வைத்தியர் வரவில்லை. அறியாமை என்று கூறப்பட்டதன் ஒரு பகுதி தூரமே எனலாம்.

3

கண்வைத்தியத்தைப் புலமைத் துறையாக மாற்றிய இரு கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றின. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்த கருவி, உயிருள்ள மனிதனின் விழித்திரையை வைத்தியர் நேரிற் காண வழிசெய்தது. 1862இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்நெலன் வெளியிட்ட எழுத்து அட்டை, பார்வையை எண்ணால் அளக்க வழிசெய்தது. முன்னதில் வைத்தியர் பார்க்கிறார். பின்னதில் நோயாளி பேசவேண்டும்.

ஸ்நெலன் அட்டை, நோயாளி வாசிக்கத் தெரிந்தவர் என்ற எடுகோளின் மீது அமைந்தது. எழுத்தறிவு பரவிய ஐரோப்பிய நகரில் அது பொருந்திற்று. எழுத்தறியா உழவனும் அவன் மனைவியும் அவ்வட்டையின் முன் நிற்கும்போது, பார்வைக் குறைவு எது, கல்வியின்மை எது எனப் பிரித்தறிய இயலாது. தமிழ் எழுத்துகளில் அமைந்த அட்டைகள் மொழிச் சிக்கலை மட்டுமே தீர்த்தன. இதனாலேயே மூன்று கால்களை உடைய ஆங்கில 'ஈ' எழுத்து நான்கு திசைகளிலும் திருப்பி அச்சிடப்பட்டு, கால்கள் நோக்கும் திசையைக் கையாற் காட்டும்படி நோயாளி கேட்கப்பட்டார். அதுவும் தெரியாதவிடத்து, வைத்தியர் விரல்களை நீட்டி எண்ணச் சொல்வர். பின்னர் கையசைவு தெரிகிறதா, வெளிச்சமேனும் தெரிகிறதா என்று வினவுவர்.

அளவீடு நடுநிலையானது என்று கருதுவது வழக்கம். ஆனால் எந்த அளவுக்குக் கீழே ஒருவர் 'குருடர்' எனக் கொள்ளப்படுவார் என்பது நிருவாக முடிவாகும். சாதாரணக் கண் 60 மீற்றரில் இனங்காணும் எழுத்தை 6 மீற்றரிலும் இனங்காண முடியாதவரை இந்திய அரசின் திட்டம் நெடுங்காலமாகப் பார்வையற்றோராகக் கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையோ 3 மீற்றர் ஆகும். 2017இல் இந்தியா அவ்வெல்லையை ஏற்றபோது, இரு எல்லைகளுக்கும் இடைப்பட்டோர் பார்வையற்றோர் கணக்கிலிருந்து நீங்கினர். அவர்களுடைய கண்கள் முன்போலவே இருந்தன. மாறியது கணக்கு மட்டுமே.

4

1976ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். பார்வையிழப்பைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டத்தை இந்திய அரசு அவ்வாண்டு தொடங்கியது. அதே ஆண்டில், அரச சேவையிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண்வைத்தியசாலையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் சத்திரசிகிச்சை பயின்றவர் என்று அவர் போற்றப்படுகிறார். அப்புகழ்ச்சி தகுதியானதே. எனினும் நமது கவனத்துக்குரியது அவர் அமைத்த முறையாகும்.

அக்காலக் கண்சிகிச்சை முகாம்கள் பாடசாலைகளிலும் சத்திரங்களிலும் நடைபெற்றன. அங்கேயே சத்திரசிகிச்சையும் செய்யப்பட்டது. புரையுண்ட வில்லை அகற்றப்பட்டவருக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுக்கப்பட்டது. வயலில் வேலைசெய்யும் ஒருவரின் கண்ணாடி உடைந்தால் அவர் மீண்டும் பார்வையற்றவரே. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை இக்குறையைத் தீர்த்தபோதிலும், இறக்குமதி வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிற்று. 1992இல் அரவிந்த் நிறுவனத்தார் மதுரையிலேயே வில்லைகளைச் செய்யத் தொடங்கியபின் விலை பெருமளவு வீழ்ந்தது. முகாம்கள் பரிசோதனைக்குரியனவாக மாறின. சத்திரசிகிச்சை வேண்டியோர் பேருந்தில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 1985இல் தேனியில் நிறுவப்பட்ட கிளை வைத்தியசாலை இம்முறையைப் பிரதேச மட்டத்துக்குக் கொண்டுசென்றது.

இலவச அரச வைத்திய சேவைக்குப் பழகிய நாம், கட்டணமே ஏழைகளின் தடை என்றும் அதை நீக்கினால் எல்லோரும் வருவர் என்றும் எண்ணக்கூடும். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு இவ்வெண்ணத்தை உலுக்கியது. தென்னிந்தியக் கிராமங்களில் இலவச முகாம்கள் நடைபெற்றபோதும், கண்குறை உடைய வயதுவந்தோரில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அவற்றுக்கு வந்தனர் என்று அது காட்டியது. காரணங்களை ஊகிப்பது கடினமன்று. கம்பம், போடி ஆகிய ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரள ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாளுக்கு ஒரு நாள் முகாம் என்பது ஒரு நாட் கூலி. முதியவரை அழைத்துச் செல்பவருக்கும் அவ்வாறே. வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பெண் தனது கண்ணைக் கடைசியாகவே நினைப்பாள். முகாம் ஒரு நாள் வந்து போகும்; கண்ணோ ஆண்டு முழுவதும் மங்கும்.

2004 முதல் தோன்றிய சிறு பார்வை நிலையங்கள் இவ்வனுபவத்தின் விளைவாகும். ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒன்று என்ற அளவில், சிறுநகர்களில் நிரந்தரமாக அமைந்த இந்நிலையங்களில் வைத்தியர் இல்லை. பயிற்சி பெற்ற ஊழியர் பார்வையை அளந்து, கருவியாற் கண்ணைப் பார்த்து, விவரங்களை அனுப்புவார். தலைமை வைத்தியசாலையிலுள்ள வைத்தியர் திரையினூடாக நோயாளியுடன் பேசி முடிவு கூறுவார். தேனிப் பிரதேசத்தில் இதற்கான நெடுந்தூரக் கம்பியில்லா இணைப்பை அமைப்பதில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர் பங்கெடுத்தனர். வருவோரிற் பலருக்கு வேண்டியது சத்திரசிகிச்சையன்று, ஒரு மூக்குக்கண்ணாடியே. அது அவ்விடத்திலேயே கிடைத்தது.

5

இவ்வெற்றியை ஆராயுமிடத்து ஒன்றை மறத்தலாகாது. இலட்சக்கணக்கான கண்களை அளப்பவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு, இரண்டாண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்களாவர். வைத்தியரின் நேரம் மிச்சமாவது அவர்களுடைய உழைப்பினாலேயே. ஆலை உற்பத்தி முறையை ஒத்த இவ்வேலைப் பிரிவினை சிகிச்சையின் செலவைக் குறைத்தது. அதே வேளையில், அவ்வுழைப்புக்கு உரிய ஊதியமும் உயர்வும் யாவை என்ற வினாவையும் எழுப்புகின்றது. நிறுவனரின் பெயர் நூல்களில் நிலைபெற்றுவிட்டது. அட்டையின் அருகில் நின்று பல்லாயிரம் முறை "இது எந்தப் பக்கம்?" என்று கேட்ட பெண்ணின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. 1819இல் துறைமுக நகரிலிருந்த கண்வைத்தியம் கிராமத்து வாசலை அண்மிக்க ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் சென்றன. இவ்விடைவெளிக்கு அறிவின் குறைவை மட்டும் காரணமாகக் கூற முடியாது. கண்புரையை அகற்றும் வழி நெடுங்காலமாகத் தெரிந்ததே. தெரிந்த வைத்தியத்துக்கும் அது வேண்டியிருந்த மனிதருக்கும் இடையே கூலியும் எழுத்தறிவும் பாலும் வர்க்கமும் நின்றன. ஒரு பிரதேசக் கண்வைத்திய நிலையத்தின் பணியை அதன் சத்திரசிகிச்சைத் தொகையால் மட்டும் மதிப்பிடுதல் போதாது. தன் கதவுக்கு வராதவர் எத்தனைபேர், அவர் ஏன் வரவில்லை என்று அந்நிலையம் எண்ணிப் பார்க்கிறதா என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோலாக இருத்தல் வேண்டும்.