வெற்றுத் தட்டின் வரலாறு

எதுவும் பதியப்படாத தட்டை விலை கொடுத்து வாங்குவது விந்தையான வாணிபமாகத் தோன்றலாம். ஆயினும் குரலைக் காத்துவைக்க விரும்பியோர் அனைவரும் முதலில் அந்த வெற்றுத் தட்டின் தரத்தையே ஆராய வேண்டியிருந்தது.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்த பிரெட் கெய்ஸ்பர்க் கொண்டுவந்தவை மெழுகுத் தட்டுகள். அவை ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்று, அங்கே அச்செடுக்கப்பெற்றுத் திரும்பிய பின்னரே பாடியவர் தம் குரலை இசைத்தட்டில் கேட்க முடிந்தது. 1930-களில் வேறுவகைத் தட்டு வந்தது. அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசிய அதனைப் பதிந்த உடனேயே ஒலிபரப்பலாம் என்பதால் உலகின் வானொலி நிலையங்கள் விரும்பி ஏற்றன. இரண்டாம் உலகப்போரில் அலுமினியம் விமானங்களுக்குப் போய்விட, கண்ணாடித் தட்டுகள் வந்தன. அவற்றுள் உடைந்தவை பல. உடையாதவற்றுக்கும் ஒரு பகை இருந்தது. மெருகை இளக்கமாக வைத்திருக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்திருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அது சிதைந்து வெண்பொடியாய்க் கசிய, மெருகு சுருங்கி வெடித்து உரிந்தது.

1988-இல் ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் உருவாக்கிய குறுந்தட்டில் ஊசிக்கு வேலையில்லை. லேசர் ஒளி சாயப்படலத்தைச் சுட்டுக் குறியிடுகிறது. எனவே தட்டைத் தெரிவு செய்வது உண்மையில் சாயத்தையும் அதன் மேலுள்ள உலோகப் பூச்சையும் தெரிவு செய்வதேயாகும். சயனின் சாயம் வெயிலுக்கு எளிதில் வெளிறும். தாலோசயனின் அதனினும் நிலைக்கும். வெள்ளிப் பூச்சு கறுக்கக்கூடும்; பொன் கறுப்பதில்லை. நம் நாட்டில் 1983-இல் தொடங்கிய மோசர் பேயர், இத்தகைய தட்டுகளை உலகிலேயே மிகுதியாகச் செய்தோருள் ஒன்றாய் விளங்கியது. தையோ யூடென் 2015-இல் தட்டுத் தொழிலை நிறுத்திற்று. மோசர் பேயரைக் கலைக்க 2018-இல் ஆணை பிறந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன், தேவ்நார் வீட்டில் பாட்டியின் நலுங்குப் பாட்டுகள் அடங்கிய 90 நிமிட ஒலிநாடா ஒன்று இருந்தது. குறுந்தட்டிலோ 80 நிமிடமே கொள்ளும். ஆகவே லாமிங்டன் சாலையில் இரண்டு தட்டுகள் வாங்கினேன். கைப்பணம் குறைந்தமையால் ஒன்று நல்லது, மற்றொன்று பெயரற்ற மலிவுச் சரக்கு. மலிவுத் தட்டின் தலையில் பசைத்தாள் ஒட்டி, அழகாகப் பெயரும் எழுதினேன். அந்த மேற்புறத்தில்தான் உலோகப் பூச்சு மெல்லிய மெருகின்கீழ் அமர்ந்திருக்கிறது என்பதை அறியேன். கீழ்ப்புறத்தைக் கீறலின்றிக் காத்துவிட்டால் போதுமென்று நம்பியிருந்தேன். நான்கு மழைக்காலம் சென்றபின் தாளின் ஓரம் தூக்கியிருந்தது. அதை இழுத்தேன், வெள்ளியும் கூடவே வந்தது. மூல நாடாவோ அதற்குள் பூஞ்சை பிடித்து, 1927 முதல் இந்நகரம் குப்பை கொட்டிவரும் எங்கள் தேவ்நார் மேட்டுக்கே போய்விட்டிருந்தது. அதே 1927-இல்தான் இந்நகரில் வானொலி நிலையமும் திறக்கப்பெற்றது.

நல்ல தட்டு இன்றும் பாடுகிறது. சென்ற மாதம் அதனைக் கணிப்பொறியில் இரண்டு படிகள் எடுத்தேன். நாடாவின் இரண்டாம் பக்கம் மட்டுமே அதில் உள்ளது. முதற் பக்க முடிவில் பாட்டி தொடங்கிய பாட்டின் கடைசி அடிகளோடு அது தொடங்குகிறது.