மேயர் பதவியும் கடன் சங்கமும்: ரைஃபைசன் குறித்து ஒரு மறுபரிசீலனை

கூட்டுறவு வரலாற்று நூல்களில் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818–1888) பெரும்பாலும் ஒரு கருணையாளராகவே நடமாடுகிறார். பஞ்சம் வருகிறது, அவர் மனம் இளகுகிறது, சங்கம் பிறக்கிறது. 1845 முதல் 1865 வரை 20 ஆண்டுகள் அவர் பிரஷ்ய அரசின் ரைன் மாகாணத்தில் மேயராக உத்தியோகம் பார்த்தவர் என்ற செய்தி இந்தக் கதையில் ஒரு வாக்கியத்தோடு தீர்ந்துவிடுகிறது. அவர் வகுத்த கடன் சங்க விதிகளில் அந்த உத்தியோகத்தின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அவருடைய இரக்கமோ அந்த விதிகள் உருவாவதைச் சில ஆண்டுகள் தாமதப்படுத்தவே செய்தது. இவ்விரண்டையும் நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

ஸீக் ஆற்றங்கரையிலுள்ள ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தவர் ரைஃபைசன். தந்தையும் சில காலம் அவ்வூர் மேயராக இருந்தவர். 17 வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்நோய் அவரை 1843இல் அங்கிருந்து வெளியேற்றிக் குடிமைப் பணிக்கு அனுப்பியது. 1845இல் வெயர்புஷ், 1848இல் ஃப்ளாமர்ஸ்ஃபெல்ட், 1852இல் நொய்வீடை அடுத்த ஹெடெஸ்டார்ஃப் என மூன்று இடங்களில் மேயர் பதவி வகித்தார். இன்றைய மாநகர மேயரை இங்கே நினைத்துக்கொள்ளக் கூடாது. அவர் அரசால் நியமிக்கப்பட்ட அதிகாரி. வெயர்புஷில் 22 ஊர்கள், ஃப்ளாமர்ஸ்ஃபெல்டில் 33 ஊர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. பள்ளிக்கூடம், சாலை, ஊர்ப்பொது வரவுசெலவு, வறியோர் உதவி எல்லாம் அவர் மேசையைத் தாண்டியே போக வேண்டும். வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியின் விளைச்சல் ரைன் நதிக்கரைச் சந்தைக்குப் போய்ச் சேர அவர் முன்னின்று போட்ட சாலை இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. எந்த வீட்டு நிலம் அடகில் இருக்கிறது, எவர் தொழுவத்தில் நிற்பது எவர் மாடு என்பதையெல்லாம் அறியக்கூடிய இடத்தில் இருந்த மனிதர் அவர்.

மாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மண் வளமற்ற அப்பகுதியில் சிறு குடியானவருக்குப் பசுதான் உழவு, உரம், பால், ரொக்கம் எல்லாமே. கையில் பணம் இல்லாதவர் வியாபாரியின் மாட்டைத் தன் தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு வளர்ப்பார். ஆதாயத்தில் பெரும்பகுதி மாட்டுக்காரருக்குப் போகும். வாரத்துக்கு மாடு விடுவதை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் கணக்கு உடனே பிடிபடும். ரைஃபைசன் போராடியது பணத்தட்டுப்பாட்டோடு மட்டுமல்ல, கடனும் வியாபாரமும் ஒரே கையில் இருந்த இந்த ஏற்பாட்டோடும்தான்.

1846–47 குளிர்காலப் பஞ்சத்தில் அரசு மாவு அனுப்பியது. ரொக்கம் கொடுப்பவருக்கே விற்க வேண்டும் என்பது உத்தரவு. ரொக்கம் இருந்தால் பட்டினி ஏது? ரைஃபைசன் அந்த உத்தரவை மீறி, கடன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மாவைக் கொடுத்தார். வசதி படைத்தவர்களைச் சேர்த்து ரொட்டிச் சங்கம் தொடங்கினார். பொது அடுப்பு கட்டப்பட்டது. சந்தை விலையில் ஏறத்தாழப் பாதிக்கு ரொட்டி கிடைத்தது. இதை ஈகை என்று மட்டும் சொல்வது போதாது. அரசுச் சரக்கைத் தன் கையெழுத்தின் பலத்தில் கடனுக்கு விடும் துணிவு ஒரு அதிகாரிக்கே வாய்க்கும். எவ்வளவு பெரிய தர்மவானாக இருந்தாலும் தனியார் ஒருவருக்கு அந்த மாவு மூட்டைகள்மீது உரிமை ஏது?

ஃப்ளாமர்ஸ்ஃபெல்டில் 1849இல் தோன்றிய உதவிச் சங்கம் அடுத்த கட்டம். சுமார் 60 வசதியுள்ளவர்கள் தங்கள் முழுச் சொத்தையும் பிணையாக வைத்துக் கூட்டாகப் பொறுப்பேற்றனர். அந்தப் பிணையின் பேரில் வெளியே கடன் வாங்கி ஏழைக் குடியானவருக்கு மாடு வாங்கித் தரப்பட்டது. ஐந்தாண்டுத் தவணையில் அவர்கள் அடைத்தனர். பிறர் கடனுக்காக 60 பேர் தம் சொத்தை எழுதிக் கொடுத்ததற்குக் கிறித்தவ அன்பு ஒன்றே காரணமா? கேட்டவர் மேயர் என்பதற்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். சாலைக்கும் பள்ளிக்கும் நாளை அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனமும் இருந்தது. உரிமையாளர் ஒருவர், கடனாளி இன்னொருவர். ஹெடெஸ்டார்ஃபில் 1854இல் அமைத்த சங்கத்தில் ரைஃபைசன் கடனோடு நிற்கவில்லை. ஆதரவற்ற குழந்தைகள், சிறையிலிருந்து விடுதலையானவர்கள், ஊர் நூலகம் என அனைத்தையும் அதன் தலையில் ஏற்றினார். கடன் கொடுக்கும் வேலை மட்டுமே நின்று நிலைத்தது. பொறுப்பேற்ற செல்வர்கள் சலித்து விலகத் தொடங்கினர். 1864இல் அது கடன் சங்கமாக மாற்றியமைக்கப்பட்டது. கடன் பெறுபவர் உறுப்பினராகி, தாமும் வரம்பற்ற பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி வந்தது. அருகிலுள்ள அன்ஹவுசனில் 1862இலேயே இத்தகைய சங்கம் தோன்றியிருந்தது. இன்று ரைஃபைசன் முறை என்று நாம் கொண்டாடும் தன்னுதவி, மேலிருந்து வழங்கும் உதவி தோற்ற இடத்தில், அவர் அரைமனதோடு ஏற்றுக்கொண்ட ஒன்று. மற்றொரு ஜெர்மானியக் கூட்டுறவு முன்னோடியான ஷுல்ட்ஸ-டெலிட்ஷ் நகரக் கைவினைஞர்களிடையே இதே முடிவுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தியே வந்திருந்தார்.

எல்லையைத் திருச்சபைப் பங்கின் அளவோடு நிறுத்துவது, கணக்கர் தவிர எவருக்கும் ஊதியம் தராதது, ஈவுத்தொகையைத் தவிர்த்து லாபத்தைப் பிரிக்க முடியாத பொது நிதியாகக் குவிப்பது ஆகிய விதிகளை ஒரு வங்கியாளர் எழுதியிருக்க மாட்டார். ஊர்ப் பொதுச்சொத்தை நிர்வகித்துப் பழகியவரின் சிந்தனை அவற்றில் தெரிகிறது. பொருளியலாளர்கள் பானர்ஜி, பெஸ்லி, கின்னேன் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இவ்விதிகளை அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கண்காணிக்கும் ஏற்பாடாக விளக்குகிறது. விளக்கம் கூர்மையானது, ஆனால் அது சமமானவர்களிடையே நிகழும் கண்காணிப்பை மட்டும் பார்க்கிறது. தொடக்கச் சங்கங்களில் அண்டை வீட்டாருக்கு மேலே ஒரு மேயர் அமர்ந்திருந்தார்.

1865இல், 47 வயதில், உடல்நலமும் பார்வையும் கெட்டுப் பணியிலிருந்து விலகினார். ஓய்வூதியம் குறைவு, சுருட்டுத் தொழிலும் பிறகு ஒயின் வியாபாரமும் செய்தே குடும்பம் நடத்தினார். 1866இல் கடன் சங்கங்கள் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. கண் மங்கியபின் அவர் எழுத்து வேலைகளுக்குத் துணைநின்றவர் மகள் அமாலி. மேயர் இல்லாத ஊர்களிலும் சங்கம் நடக்க வேண்டுமானால் பதவி செய்த வேலையை வேறெதுவோ செய்தாக வேண்டும். பாதிரியார்களும் கணக்கெழுதத் தெரிந்த ஆசிரியர்களும் ஒரு பகுதியை ஏற்றனர்; மறுபகுதிக்கு 1872இல் வட்டார மைய வங்கியும், 1876இல் மையக் கடன் நிறுவனமும், 1877இல் சங்கங்களின் ஒன்றியமும் வந்தன. வெளியூர்த் தணிக்கையாளர் வந்து பேரேட்டைப் புரட்டும் வழக்கமே, என் கணிப்பில், அவருடைய பிற்காலச் சாதனைகளில் மிகப் பெரியது. அதற்குச் சிலை வைப்பவர் இல்லை.

அவர் எழுத்தில் கறையும் உண்டு. மாட்டு வியாபாரத்திலும் வட்டித் தொழிலிலும் இருந்த யூதர்களைப் பற்றி அவர் பகைமையோடு எழுதியதை அண்மைக்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ‘நம்மவர்’ என்ற வட்டத்தைச் சிறிதாக வரையும் எந்த நாணயச் சங்கமும் ‘அவர்கள்’ யார் என்பதையும் சேர்த்தே வரைகிறது.

ரைஃபைசனின் முறை இந்தியாவுக்கும் வந்தது. சென்னை மாகாண அரசு 1892இல் ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நில வங்கிகள் பற்றி ஆராயப் பணித்தது. 1895, 1897இல் வெளிவந்த அவருடைய அறிக்கைகள், இங்கும் ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற முடிவுக்காகப் பெயர்பெற்றவை. அவர் தேடியது ஒரு மனிதரை. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் தந்ததோ பதிவாளர் என்ற அலுவலரை. கிராமச் சங்கங்களுக்கு ரைஃபைசன் வழியில் வரம்பற்ற பொறுப்பும், நகரச் சங்கங்களுக்கு ஷுல்ட்ஸ-டெலிட்ஷின் சாயலும் கிடைத்தன. அவ்வாண்டே திரூரில் வேளாண் கடன் சங்கமும் பெரிய காஞ்சிபுரத்தில் நகர வங்கியும் பதிவாயின. ஹெடெஸ்டார்ஃபில் ஒரே ஆளிடம் கூடியிருந்த ஊரறிவும் அதிகாரமும் இங்கே இரண்டாகப் பிரிந்தன: நிலக் கணக்கு கிராமத்துக் கர்ணத்திடம், சங்கத்தின் மீதான அதிகாரம் சென்னையிலிருந்த பதிவாளரிடம். 1951–52 நிலவரத்தை ஆராய்ந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, கூட்டுறவு வழியாக வந்தது கிராமக் கடனில் 3.1 விழுக்காடே என்று கண்டது. உறுப்பினர் வறுமையும் வட்டிக்காரர் செல்வாக்கும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது வழக்கம். ஆனால் அவ்விரண்டும் 1849இன் ஃப்ளாமர்ஸ்ஃபெல்டிலும் குறைவில்லாமல் இருந்தன. அங்கே இருந்து இங்கே இல்லாமல்போனது, ஊருக்குள்ளேயே குடியிருந்து, ஊரார் முன் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு பதவி.