பாலத்துக்கு ஒரு படைவீரர் பெயர்: லடாக்கின் சேதுவும் ஜொகூரின் பாரிட் சூலோங்கும்

உலு திராம் - இராணுவப் பயிற்சி மையமான 'புலாடா' அமைந்துள்ள ஊர் இது. படைச் சீருடை இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. நாட்டுக்காக உழைத்த வீரர் ஒருவரின் பெயரைப் பாலத்துக்குச் சூட்டுவது எப்படிப் பொருள் பெறுகிறது என்பதை இரு பாலங்களின் வரலாறு காட்டுகிறது.

முதலாவது, இந்தியாவின் லடாக்கில் ஷியோக் ஆற்றின் மேல் உள்ள 'கர்னல் செவாங் ரிஞ்சென் சேது'. சுமார் 1,400 அடி நீளமுள்ள இப்பாலத்தை இந்தியத் தற்காப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2019 அக்டோபர் 21-ஆம் தேதி திறந்து வைத்தார். துர்புக்கையும் எல்லையோரத் தௌலத் பெக் ஓல்டியையும் இணைக்கும் சாலையில் இது உள்ளது.

ரிஞ்சென் லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். 1948-இல் 17 வயதில் உள்ளூர்க் காவல் படையில் சேர்ந்து போரிட்டு, மகாவீர் சக்கர விருதைப் பெற்றார். 1971 போரில் துர்துக் பகுதியைக் கைப்பற்றியதற்காக அதே விருது மீண்டும் கிடைத்தது. இவ்விருதை இருமுறை பெற்றவர்கள் அறுவர் மட்டுமே. அவர் 1997-இல் காலமானார். தாம் காத்த மண்ணிலேயே பாலத்தின் பெயராக அவர் நிலைத்திருக்கிறார்.

இரண்டாவது பாலம் நம் ஜொகூரில், பத்து பகாட் மாவட்டத்தின் பாரிட் சூலோங்கில் இருந்தது. 1942 ஜனவரியில் மூவார் போரில் பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினரை ஜப்பானியர் இப்பாலத்தில் மறித்தனர். லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் ஆண்டர்சன் தலைமையில் போரிட்டும் பாலத்தைக் கடக்க முடியவில்லை. ஜனவரி 22-இல் நடக்க முடிந்தவர்கள் சதுப்பு நிலம் வழியே யோங் பெங் நோக்கித் தப்பினர். விட்டுச் செல்லப்பட்ட காயமுற்றவர்களில் ஏறக்குறைய 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் கொல்லப்பட்டனர். ஆண்டர்சனுக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. படுகொலைக்காக ஜப்பானியத் தளபதி தகுமா நிஷிமுரா 1951-இல் தூக்கிலிடப்பட்டார்.

பாரிட் சூலோங்கில் நினைவுச்சின்னம் உண்டு. ஆனால், அங்கு மாண்ட இந்திய வீரர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்கள் 45-ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேடைச் சேர்ந்தவர்கள். பலர் பயிற்சி முழுமையாக முடியாத இளைஞர்கள்.

இவ்விரு கதைகளும் ஒன்றை உணர்த்துகின்றன. பெயர் சூட்டுவோர் முதலில் கேட்க வேண்டியது, அந்த வீரருக்கும் அந்த இடத்துக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான். தொடர்பு இருந்தால், பெயர்ப்பலகையைப் பார்க்கும் பிள்ளை "இவர் யார்?" என்று கேட்கும்போது பெற்றோரிடம் சொல்ல ஒரு கதை இருக்கும். தனி ஒருவர் பெயர் பொருந்தாத இடத்தில், ஒரு படைப்பிரிவின் பெயரையே சூட்டலாம்.

நம் வட்டாரத்திலும் முன்னாள் படைவீரர்கள் வாழ்கிறார்கள். பெயர்ப்பலகை வருவதற்கு முன்பே அவர்களின் அனுபவங்களைக் கேட்டு எழுதி வைப்பது நம் கையில் உள்ளது. அவர்கள் மறைந்த பிறகு கேட்க முடியாது.